ஆசான் இருக்கிறார், ஏடு எங்கே?

சேலம் மாவட்டத்து ஓமலூரை நடுவில் வைத்துப் பார்த்தால் வடக்கே பெரியவடகம்பட்டி, தென்மேற்கே தாரமங்கலம் தாண்டிச் சின்னப்பம்பட்டி. முன்னது மாரியப்பன் தங்கவேலுவின் ஊர். பின்னது கிரிக்கெட் வீரர் நடராஜனின் ஊர்.

ஐந்து வயதில், பள்ளிக்குப் போகும் வழியில் பேருந்து ஏறி வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிப்போன பையன் மாரியப்பன். 2016-இல் ரியோ பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். டோக்கியோவில் 1.86 மீட்டர், வெள்ளி. 2024 பாரிஸில் 1.85 மீட்டர், வெண்கலம். தொடர்ந்து மூன்று பாராலிம்பிக்கில் பதக்கம் பெற்ற முதல் இந்தியர் அவர். நடராஜனோ வலைப்பயிற்சியில் பந்து போடுவதற்கென்று 2020 கடைசியில் ஆஸ்திரேலியாவுக்கு அழைத்துப் போகப்பட்டவர். அந்த ஒரே பயணத்தில் ஒருநாள், டி20, டெஸ்ட் என மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்காகக் களமிறங்கினார். பிரிஸ்பேன் டெஸ்டின் முதல் இன்னிங்ஸில் மூன்று விக்கெட் எடுத்தார்.

இவர்கள் வீட்டு வறுமையைப் பற்றி நிறையவே எழுதியாகிவிட்டது. காய்கறி விற்ற தாய், தறி வேலைக்குப் போன தந்தை, ஓட்டு வீடு எல்லாம் நமக்குத் தெரியும். அதே அளவு அக்கறையோடு நாம் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. இவர்கள் எப்படிக் கற்றார்கள்? மாரியப்பனுக்குப் பள்ளியில் ஓர் உடற்கல்வி ஆசிரியர் வாய்த்தார். பிறகு பெங்களூரில் பயிற்சியாளர் சத்தியநாராயணா வாய்த்தார். நடராஜனுக்கு ஊரில் ஜெயப்பிரகாஷ் என்ற அண்ணன் வாய்த்தார். வாய்த்தார் என்ற சொல்லைத் தெரிந்துதான் எழுதுகிறேன். அப்படி யாரும் வாய்க்காத பிள்ளைகள் ஓமலூர், தாரமங்கலம், காடையாம்பட்டி, மேச்சேரிப் பக்கத்துப் பள்ளிகளில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளின் கையில் கொடுக்கத் தமிழில் நல்ல புத்தகம் இருக்கிறதா? எழுதப்பட்டவை எங்கே போயின? எழுதப்படாதவை ஏன் எழுதப்படவில்லை? இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

சேலத்தில் எழுந்த ஒரு நூல்

தமிழில் விளையாட்டைப் பற்றி ஒழுங்குமுறையோடு எழுதிய நூல்களைத் தேடினால் முதலில் வந்து நிற்பது நம் சேலத்தில் இருந்தவரின் புத்தகம். மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர் 1944 முதல் 1956 வரை சேலம் நகராட்சிக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தார். கல்லூரி முதல்வர் இராமசாமிக் கவுண்டர் அவருக்குப் பெரிய ஆதரவாக நின்றார். பாவாணர் என்றதும் சொல்லாராய்ச்சிதான் எல்லாருக்கும் நினைவுக்கு வரும். அந்தச் சேலம் ஆண்டுகளில்தான், 1954-இல், அவருடைய ‘தமிழ்நாட்டு விளையாட்டுகள்’ வெளிவந்தது.

அந்த நூலின் அமைப்பைப் பாருங்கள். ஆண்பிள்ளைகள் ஆடுவது, பெண்பிள்ளைகள் ஆடுவது, இருவரும் சேர்ந்து ஆடுவது என்று பகுக்கிறார். பகலில் ஆடுவது, இரவில் ஆடுவது, இருபொழுதும் ஆடுவது என்று மேலும் பிரிக்கிறார். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் அதன் பெயர், எத்தனை பேர் ஆடுவது, என்ன கருவி, எந்த இடம், எப்படி ஆடுவது, எப்படித் தோன்றியது, ஆடுவதால் என்ன பயன் என்று வரிசை வைத்து எழுதுகிறார். கில்லித்தாண்டு ஊருக்கு ஊர் எப்படி மாறுகிறது என்பதையும் விடவில்லை. சில ஆட்டங்களின் வேரைப் பழைய போர்முறைகளில் தேடுகிறார். அந்தத் தேடலில் அவர் சொல்வதை எல்லாம் ஒருவர் ஏற்காமல் போகலாம். ஆடுமுறையை அவர் எழுதியிருக்கும் விதத்தைக் குறை சொல்ல முடியாது. அந்த ஆட்டத்தை ஒருநாளும் பார்த்திராத ஒரு பிள்ளை புத்தகத்தைப் படித்துவிட்டுத் தெருவுக்குப் போய் ஆடத் தொடங்கலாம். கையேடு என்பதற்கு இதைவிட வேறு சோதனை என்ன வேண்டும்?

சொல்லுக்கு வேர் தேடும் அறிஞர் ஒருவர் கோலிக்குண்டுக்கும் பல்லாங்குழிக்கும் இவ்வளவு நேரம் கொடுத்தார் என்பது எனக்கு இன்றும் வியப்பு. பிள்ளைகள் தெருவில் ஆடுவது எழுதத் தகுந்த அறிவு என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கை அவருக்குப் பின் வந்த தமிழ்ப் பேராசிரியர்களிடம் பரவவில்லை. நாட்டார் வழக்காற்றுத் துறையினர் சிலர் தொடர்ந்தார்கள். அவர்களும் பெரும்பாலும் ஆய்வாளருக்காக எழுதினார்களே தவிர, ஆடுகிற பிள்ளைக்காக எழுதவில்லை.

ஒரு மனிதர், ஒரு நூலகம்

ஆடுகிறவருக்காகவே எழுதியவர் எஸ். நவராஜ் செல்லையா. உடற்கல்வித் துறையிலேயே வாழ்ந்தவர். தமிழில் விளையாட்டு இலக்கியம் என்ற ஒன்றை ஏறக்குறையத் தனி ஆளாக நின்று கட்டினார். நூறு நூல்களுக்கு மேல் எழுதினார். ‘விளையாட்டுக் களஞ்சியம்’ என்று மாத இதழ் நடத்தினார். கால்பந்தாட்டம் ஆடுவது எப்படி, கூடைப்பந்தாட்டம் ஆடுவது எப்படி என்று ஆட்டத்துக்கு ஒரு நூல். விதிகளுக்குத் தனி நூல். விளையாட்டுத் துறைக் கலைச்சொற்களுக்கு ஓர் அகராதி. சின்னப் பிள்ளைகளுக்கு விளையாட்டு ஆத்திசூடி.

அவர் எழுத வந்தபோது நிலைமை என்ன? 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கியவர் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர். அவர் தொகுத்த விளையாட்டு விதிகள் நூல்தான் இந்தியா முழுவதும் பி.டி. ஆசிரியர்களின் மேசையில் இருந்தது. நல்ல நூல், இன்றும் அதற்கு மதிப்பு உண்டு. ஆனால் ஆங்கிலம். ஆங்கிலத்தில் படித்து, பயிற்சிக் கல்லூரியில் ஆங்கிலத்தில் தேர்வு எழுதி, ஓமலூர்ப் பள்ளி மைதானத்தில் வந்து நின்று தமிழில் சொல்லிக்கொடுக்க வேண்டும். அந்த இடைவெளியில் எவ்வளவோ சிந்திப்போனது. ‘கோட்டைத் தொடாதே’ என்பது மட்டும் மிஞ்சும். எந்தக் கோடு, எப்போது, ஏன் என்பது போய்விடும். விதியின் காரணம் தெரியாத ஆட்டக்காரன் நடுவரோடு சண்டைதான் போடுவான். நவராஜ் செல்லையா அந்த இடைவெளியில் உட்கார்ந்து எழுதினார்.

அவர் நூல்களின் நடையில் கொஞ்சம் அறிவுரை கூடுதல்தான். உடலைப் பேணுவது பற்றி ஒரு தாத்தா பேரனுக்குச் சொல்வது போன்ற குரல் பல இடங்களில் வரும். படங்கள் குறைவு, இருப்பவையும் மங்கல். விதிகளில் பல அதன்பின் மாறிவிட்டன. வாலிபாலில் 1999-க்கு முன், சர்வீஸ் போட்ட அணிக்குத்தான் புள்ளி. இப்போது எந்த அணி பந்தை வென்றாலும் புள்ளி. ஆகவே பழைய விதி நூலை அப்படியே பிள்ளை கையில் கொடுக்க முடியாது, திருத்த வேண்டும். இவ்வளவையும் சொன்ன பிறகும் என் தீர்ப்பு ஒன்றுதான்: தமிழ்நாட்டுக் கிராமத்துப் பிள்ளைக்கு விளையாட்டுக் கல்வி தன் மொழியில் கிடைக்க வேண்டும் என்று அவரளவு உழைத்தவர் வேறொருவர் இல்லை. அவர் போன பிறகு அந்த நாற்காலி காலியாகவே இருக்கிறது.

கடைகளில் வேறொரு வகை நூல்களும் இருந்தன. தமிழ்வாணன் குடும்பத்தின் மணிமேகலைப் பிரசுரம் வளர்த்தெடுத்த ‘தானே கற்றுக்கொள்ளலாம்’ வகை. பேருந்து நிலையப் புத்தகக் கடையில் சோதிடத்துக்கும் சமையலுக்கும் நடுவே தற்காப்புக் கலையும் தொங்கும். முப்பது நாளில் எதையும் கற்றுத் தருவதாகச் சொல்லும் அட்டைகளை நான் நம்பவில்லை. என்றாலும், வாங்கிய பையன்களின் ஆசையை மதிக்கிறேன். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாத ஊரில், அந்த ஆசைக்குக் கிடைத்த ஒரே கதவு அதுதான்.

கராத்தே ஏன் வந்தது, கம்பு ஏன் ஒதுங்கியது

இப்போது தற்காப்புக் கலைக்கு வருவோம். ஓமலூர் போன்ற எந்தச் சிறுநகரத்திலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு தனியார் பள்ளி வாசலில் நின்றால், வெள்ளை உடுப்பில் பிள்ளைகள் வரிசையாக நின்று ‘இச், நி, சான்’ என்று ஜப்பானிய எண்ணில் எண்ணிக் குத்துவதைப் பார்க்கலாம். ஒகினாவா தீவின் கலை சேலத்துச் சமவெளிக்கு எப்படி வந்து சேர்ந்தது? திரைப்படம் ஒரு காரணம். அதைவிட ஆழமான காரணம் ஒன்று உண்டு.

ஒகினாவாவிலும் ஒரு காலத்தில் அது வெளியே சொல்லாத வித்தைதான். இதோசு அன்கோ என்ற ஆசான் 1901-ஐ ஒட்டி அதைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவந்தார். சிறுவர்களுக்கென்று கடினமான வரிசைகளை உடைத்து எளிய படிகளாக அமைத்தார். 1908-இல் கல்வித் துறைக்கு இந்தக் கலையின் பத்து நெறிகளைக் கடிதமாக எழுதினார். அவருடைய மாணவர் ஃபுனகோஷி கிச்சின் டோக்கியோவுக்குப் போய் 1922-இல் ஒரு நூல் வெளியிட்டார். 1935-இல் இன்னும் விரிவான பாடநூல் எழுதினார். முதல் வகுப்பில் என்ன, ஆறாம் மாதம் என்ன, எந்தப் பட்டைக்கு எந்த வரிசை என்று எல்லாம் ஏட்டில் ஏறியது. ஏட்டில் ஏறியது கப்பலேறியது. இன்று டோக்கியோவில் கற்பதும் ஓமலூரில் கற்பதும் பெருமளவு ஒரே பாடம்.

நம் சிலம்பத்துக்கு அது நடக்கவில்லை. கம்பு சுற்றுகிற வாத்தியார்கள் இந்தப் பக்கம் இருக்கிறார்கள். மாரியம்மன் பண்டிகைக்கு, பொங்கலுக்கு, ஊர்வலத்துக்கு முன்னால் பிள்ளைகளோடு வருகிறார்கள். நெற்றி உயரக் கம்பு, ஒற்றைக்கம்பு, இரட்டைக்கம்பு, சுருள்வாள், மான்கொம்பு. வணக்க வரிசையில் தொடங்கிக் காலடி, வீச்சு, அடி, தடுப்பு, வாரல் என்று ஏறிக்கொண்டே போகும் பாடம் அது. ஆனால் பக்கத்து ஊர் வாத்தியாரிடம் போனால் வரிசையின் பெயர் வேறு. காலடி எண்ணிக்கை வேறு. எது முதலில், எது பிறகு என்பதும் வேறு. இந்தப் பன்மை அழகுதான், அதை ஒரே அச்சில் வார்த்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு வாத்தியாரின் முறையும் அவரவர் பெயரில் எழுதி வைக்கப்பட்டிருந்தால் பன்மை பிழைக்கும். எழுதாமல் விட்டால் வாத்தியாரோடு அந்த முறையும் சுடுகாட்டுக்குப் போகும்.

யாருமே எழுதவில்லை என்று சொன்னால் அது பிழை. ஜே. டேவிட் மானுவல் ராஜ் 1970-களில் காரைக்குடியிலிருந்து சிலம்ப நூல்களைக் கொண்டுவந்தார். 1977-இல் அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் சிலம்பத்தின் தோற்றத்தையும் வரலாற்று வளர்ச்சியையும் பற்றியே ஆய்வேடு எழுதினார். கம்பு வித்தையை அளந்து, பிரித்து, மதிப்பிடலாம் என்று காட்டியவர். அந்த வேலையைத் தொடர்ந்திருந்தால் இன்று பள்ளிப் பாடநூல் அளவுக்கு வந்திருக்கும். இப்போது வாய்ப்பு மறுபடியும் வாசலில் நிற்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாகச் சேர்க்கப்பட்டது. விளையாட்டு வீரர்களுக்கான மூன்று விழுக்காடு வேலை ஒதுக்கீட்டிலும் தமிழக அரசு சிலம்பத்தைச் சேர்த்திருக்கிறது. போட்டி வந்தால் புள்ளி வரும், புள்ளி வந்தால் விதி வரும், விதி வந்தால் புத்தகம் வேண்டும். அந்தப் புத்தகத்தை எழுதுவது யார் என்பதுதான் இப்போது முக்கியம். களத்தில் நின்ற வாத்தியார்களை விட்டுவிட்டு அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதினால், சுற்றுவதற்கு அழகான ஆனால் அடிக்கு உதவாத ஒரு சிலம்பம்தான் மிஞ்சும்.

சொல்லக் கூடாது என்று எழுதப்பட்டவை

எழுதுவதற்கு எதிராகவும் ஒரு பழைய வாதம் உண்டு. அதற்கு மரியாதை கொடுக்க வேண்டும். கன்னியாகுமரிப் பக்கம் வர்மக்கலை ஓலைச்சுவடியில் எழுதப்பட்டதுதான். படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108 என்று கணக்கு. ஆனால் பாட்டு மறைபொருளாக இருக்கும். ஆசான் பக்கத்தில் உட்கார்ந்து இந்தச் சொல்லுக்கு இந்த இடம் என்று தொட்டுக் காட்டினால்தான் சுவடி திறக்கும். உயிர்போகும் இடத்தைத் தெருவில் போகிறவனுக்கு எழுதிக் கொடுக்கக் கூடாது என்ற பொறுப்பு அதில் இருந்தது. மாணவன் பொறுமையானவனா, கோபக்காரனா என்று பல வருடம் பார்த்துவிட்டுத்தான் அடிக்கும் இடம் சொல்லித் தரப்பட்டது. அதோடு சேர்த்து, அடிபட்டவனை இளக்கி எழுப்பும் மருத்துவமும் சொல்லித் தரப்பட்டது.

இந்தக் கட்டுப்பாட்டைப் பழமை என்று தள்ளிவிட எனக்கு மனம் இல்லை. இன்றைக்கு வர்மம் என்ற பெயரில் அச்சில் வரும் நூல்களில் படத்தில் புள்ளி வைத்து ‘இங்கே அடித்தால் மயக்கம்’ என்று போடுவதைப் பார்க்கும்போது பழைய ஆசான்கள் பயந்தது சரி என்றே படுகிறது. தற்காப்பு நூல் எழுதுகிறவர் முதலில் எழுத வேண்டியது விழுவது எப்படி, விலகுவது எப்படி, எப்போது அடிக்காமல் ஓடிவிட வேண்டும் என்பது. அது இல்லாத நூலை ஒரு பிள்ளைக்கு வாங்கித் தராதீர்கள்.

அதே நேரம் மறைத்ததன் விலையையும் பார்க்க வேண்டும். ஐரோப்பாவில் வாளும் சிறு கேடயமும் கொண்டு ஆடிய ஒரு கலை இருந்தது. அதைக் கற்பிக்க 1300-ஐ ஒட்டி லத்தீனில் எழுதிய படச்சுவடி ஒன்று இன்றும் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ராயல் ஆர்மரீஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆசான் பரம்பரை அறுந்து பல நூற்றாண்டு ஆகிவிட்டது. இருந்தும் இன்று ஆர்வலர்கள் அந்தப் படங்களையும் வரிகளையும் வைத்து ஒவ்வொரு நிலையாக மீட்டெடுக்கிறார்கள். இந்தக் கால் முன்னாலா பின்னாலா என்று இன்னும் அவர்களுக்குள் தகராறு. கேட்டால் சொல்ல ஆள் இல்லை. நமக்கு நிலைமை நேர்மாறு. கேட்டால் சொல்ல ஆள் இருக்கிறார். எழுபது வயதில், எண்பது வயதில், தோள் கொஞ்சம் இறங்கிப்போய், ஆனால் காலடி மட்டும் பிசகாமல் இருக்கிறார். அவர் இருக்கும்போதே எழுதிக்கொள்ளும் வாய்ப்பு நமக்கு மட்டும்தான் மிச்சம்.

யூடியூப் இருக்கும்போது புத்தகம் எதற்கு?

பிள்ளைகள் இதைத்தான் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஒரு வீச்சை, ஒரு யார்க்கரை, ஒரு தாண்டலை அசைந்து பார்க்கக் காணொளியை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் காணொளியில் வருகிறவர் பெரும்பாலும் முடிந்த நிலையைக் காட்டுகிறார். பத்து வருடம் பழகிய உடல் செய்வதைப் பத்தாம் நாள் உடல் பார்த்துச் செய்யப் போனால் முட்டி போகும், தோள் போகும். எதை முதலில் பழகுவது, எத்தனை நாள் பழகுவது, எந்தத் தவறு வரும், அந்தத் தவறு எதனால் வந்தது, எப்படித் திருத்துவது என்பதெல்லாம் வரிசைப்படி ஓரிடத்தில் இருக்க வேண்டும். அடுத்த படிக்குப் போகும் முன் திரும்பிப் பார்க்க வேண்டும். பக்கத்தின் ஓரத்தில் தன் அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஏடுதான் ஏற்றது.

நடராஜனின் கதையிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. இருபது வயது வரை அவர் ஆடியது டென்னிஸ் பந்து. சேலம், நாமக்கல் பக்கத்து ஊர்ப் போட்டிகள் எல்லாம் அந்தப் பந்தில்தான். லேசான பந்து, குத்தினால் நின்று எழும்பும். கொஞ்சம் குறைவான நீளத்தில் போட்டால் மட்டையாளர் ஊர் எல்லை தாண்டி அடித்துவிடுவார். ஆகவே காலடியில் போட்டே ஆக வேண்டும். இந்தக் கட்டாயத்தில் பிறந்ததுதான் அவருடைய யார்க்கர். உலகின் எந்தப் பயிற்சி நூலும் யார்க்கர் பழக டென்னிஸ் பந்து எடு என்று அவருக்குச் சொல்லித் தரவில்லை. மண் சொல்லித் தந்தது.

2015-இல் வங்காள அணிக்கு எதிராக ரஞ்சிக் கோப்பையில் அறிமுகமானபோது அந்த மண் சொல்லித் தராத ஒன்று குறுக்கே வந்தது. அவர் பந்து வீசும் முறையில் ஐயம் என்று நடுவர்கள் புகார் எழுப்பினார்கள். பந்தை விடும்போது முழங்கை 15 பாகைக்கு மேல் நிமிரக் கூடாது என்பது விதி. முன்னாள் சுழற்பந்து வீச்சாளர் சுனில் சுப்பிரமணியன் உள்ளிட்டோர் துணையோடு அவர் தன் கையையும் தோளையும் உடம்பின் திருப்பத்தையும் முதலிலிருந்து மாற்றிக் கட்டினார். வளர்ந்த உடம்பில் பழகிப்போன அசைவை மாற்றுவது எவ்வளவு கொடிய வேலை என்று பந்து வீசியவர்களுக்குத் தெரியும். பலர் அங்கேயே நின்றுவிடுவார்கள். அவர் தாண்டி வந்தார். பதினைந்து வயதிலேயே கை எப்படி வர வேண்டும் என்று தமிழில் நான்கு படம் போட்ட ஒரு பக்கம் அவர் கையில் இருந்திருந்தால் அந்த வருடங்கள் மிஞ்சியிருக்கும் என்பது என் எண்ணம். இப்போது அவர் சொந்த ஊரில் மைதானம் கட்டி, பிள்ளைகளுக்குப் பயிற்சி நடக்கச் செய்திருக்கிறார். அந்த மைதானத்திலிருந்து ஒரு தமிழ்க் கையேடு வந்தால் அது லண்டன் நூல்களில் இல்லாத ஒன்றைச் சொல்லும்: டென்னிஸ் பந்திலிருந்து தோல் பந்துக்கு ஏறுவது எப்படி என்று.

கிரிக்கெட்டில் இதற்கு ஒரு முன்னோடியும் உண்டு. டான் பிராட்மேன் சிறுவனாகப் பவுரல் ஊரில், வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் அடிச்சுவரில் கோல்ஃப் பந்தை எறிந்து, திரும்பி வருவதை ஒற்றை ஸ்டம்பால் அடித்துப் பழகியவர். மட்டையைப் பிடித்த விதமும் அந்தக் காலத்து நூல் சொன்ன விதம் அல்ல. அப்படித் தானாக வந்தவர்தான் 1958-இல் கிரிக்கெட் கலை பற்றி இன்றுவரை மதிக்கப்படும் பயிற்சி நூலை எழுதினார். தனக்கு நூல் இல்லாமல் வந்தது என்பதற்காக அடுத்தவனும் அப்படியே வரட்டும் என்று அவர் விட்டுவிடவில்லை.

உயரம் தாண்டுதலிலும் அப்படித்தான். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் டிக் ஃபாஸ்பரி முதுகைக் கம்பிப் பக்கம் திருப்பி 2.24 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கியபோது, பாடநூல்கள் கற்பித்தது வேறு முறை. மணல் குழிக்குப் பதில் மெத்தை வந்ததால் முதுகில் விழ முடிந்தது; அதனால் அந்த முறை பிறந்தது. பிறகு நூல்கள் திருத்தி எழுதப்பட்டன. வீரன் முன்னால் போவான், நூல் பின்னால் வரும். வர வேண்டும் என்பதுதான் முக்கியம். பெரியவடகம்பட்டியில் அது வரவில்லை. உயரம் தாண்டுதலில் விதிப்படி ஒற்றைக் காலில்தான் உந்தி எழ வேண்டும், யாராக இருந்தாலும். ஒரு காலில் பலம் குறைந்த பிள்ளை எப்படி ஓடி வந்து, எந்தக் கோணத்தில் திரும்பி, எந்தக் காலில் எழுவது என்பதை மாரியப்பனும் அவர் ஆசிரியர்களும் உழைத்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள். உலக அளவில் மூன்று பதக்கம் வாங்கிய அறிவு அது. நான் புரட்டிய தமிழ் உடற்கல்வி நூல்களில் இரண்டு காலும் இரண்டு கையும் நன்றாக உள்ள பிள்ளைக்கு மட்டுமே பாடம் இருந்தது. மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் பெற்றோரும் பி.டி. ஆசிரியர்களும் எடுத்துப் படிக்க இந்த அறிவு தமிழில் அச்சேற வேண்டும். ஓமலூர் வட்டாரத்திலிருந்து அல்லாமல் வேறு எங்கிருந்து அது வரும்?

செய்ய வேண்டியது

தமிழக அரசு 2024-இல் கலைஞர் விளையாட்டு உபகரணங்கள் தொகுப்பைக் கொடுக்கத் தொடங்கியது. பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகளுக்கு, 33 வகைப் பொருள்கள். நல்ல திட்டம். மட்டையும் பந்தும் ஊராட்சிக்கு வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அந்தப் பெட்டியோடு ஒவ்வோர் ஆட்டத்துக்கும் படம் போட்ட தமிழ்க் கையேடும் சேர்ந்து போக வேண்டும். ஊர்ப்புற நூலகத்தில் ஒரு பிரதி, பள்ளியில் ஒரு பிரதி. பி.டி. வகுப்பில் மழை பெய்தால் கணக்குப் பாடம் நடத்தாமல் அந்தக் கையேட்டைப் பிரித்துப் படிக்க வைக்கலாம்.

ஓமலூரை ஒட்டியே பெரியார் பல்கலைக்கழகம் இருக்கிறது. சுற்றி எத்தனையோ கல்லூரிகள். தமிழ்த் துறை மாணவரும் உடற்கல்வி மாணவரும் சேர்ந்து உட்கார்ந்தால், சேலம், நாமக்கல் மாவட்டத்துச் சிலம்ப வாத்தியார்களின் முறைகளை ஊர்வாரியாக எழுதி முடித்துவிடலாம். ஒருவர் காலடியை வரையட்டும், ஒருவர் வாத்தியார் வாயிலிருந்து வரும் சொல்லை அப்படியே எழுதட்டும். பாவாணர் போட்ட வரிசை கையில் இருக்கிறது: பெயர், ஆள், கருவி, இடம், முறை, தோற்றம், பயன். அதில் இன்னொன்றை மட்டும் நான் சேர்ப்பேன்: வரும் தவறும் அதைத் திருத்தும் வழியும். நல்ல வாத்தியார் பாதி நேரம் தவறைத்தான் சொல்லிக்கொண்டிருப்பார். நம் நூல்களில் விடுபட்டுப்போவதும் அதுதான்.

உங்கள் ஊரில் கம்பு வாத்தியார் இருந்தால், கபடி ஆடிய பெரியவர் இருந்தால், ஓய்வுபெற்ற பி.டி. ஆசிரியர் இருந்தால் ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு போய் உட்காருங்கள். அவர் சொல்வது முதலில் சிதறலாகத்தான் வரும். மைதானத்துக்குக் கூட்டிப் போனால் உடம்பு ஞாபகப்படுத்திக் கொடுக்கும்.

புது நூல் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. பாவாணரின் நூல்களும் நவராஜ் செல்லையாவின் நூல்களும் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை. விதிகளைத் திருத்தி, படங்களைப் புதிதாக வரைந்து, ஓமலூர் அச்சகத்திலேயே கொடுத்து யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.